ஒரு காலுக்கு ஏழு பேர்

செயற்கைக் கால் என்பது செருப்பைப் போல அளவு சொல்லி வாங்கி மாட்டிக்கொள்ளும் வஸ்து என்றே வெகுகாலம் எண்ணியிருந்தேன். சர்க்கரை வியாதியால் முழங்காலுக்குக் கீழே ஒரு காலை இழந்த என் அண்டை வீட்டுக்காரர், யாரோ நடத்திய முகாமில் இனாமாகக் கிடைத்த காலைச் சுவரில் ஆணியடித்து மாட்டிவிட்டுக் கக்கத்தில் கட்டையோடு நடமாடுவதைக் கண்டபோதும், அது அவருடைய சோம்பல் என்றுதான் நினைத்தேன். வட ஆர்க்காட்டுப் பக்கத்து மறுவாழ்வு மருத்துவமனை ஒன்றில் பிசியோதெரபி செய்யும் என் நண்பரிடம் இதைப் பரிகாசமாகச் சொன்னபோது அவர் சிரிக்கவில்லை. "ஒரு புதன்கிழமை வந்து எங்கள் பட்டறையில் உட்கார்ந்து பாருங்கள்" என்றார். போனேன்.

பட்டறை முழுவதும் வெள்ளைப் பொடி படிந்திருந்தது. கொடியில் துணி காய்வதுபோல வரிசையாகக் கால்கள் தொங்கின. அங்கே இராஜ்யம் நடத்துகிறவருக்கு அறுபது பிராயம் இருக்கும். மாவு கலக்கும் பையனாக வந்து சேர்ந்தவர். டாக்டர் முதல் துப்புரவுப் பெண் வரை எல்லாருக்கும் அவர் 'மேஸ்திரி'. வெட்டுண்ட காலில் மெல்லிய துணியுறையை மாட்டி, எலும்பு புடைத்த இடங்களில் அழியாப் பென்சிலால் குறியிட்டு, மேலே மாவுக்கட்டுத் துணியைச் சுற்றுகிறார். குறிகள் கட்டின் உட்புறத்தில் பதிகின்றன. இறுகிய அந்த அச்சில் மாவைக் கரைத்து ஊற்றினால் காலின் பிரதி கிடைக்கிறது. அந்தப் பிரதியை அப்படியே பின்பற்றிச் செய்த கால் உபயோகப்படாது என்பதுதான் நான் அறியாத விஷயம். பாரம் தாங்கக்கூடிய இடத்தில், முக்கியமாக முழங்காற்சில்லுக்குக் கீழே இறங்கும் தசைநாணின்மேல், மாவைச் செதுக்கி எடுக்கிறார். தாங்காத எலும்பு முனைகளில் மாவை அப்பி உயர்த்துகிறார். "உள்ளது உள்ளபடி செஞ்சா கடிக்குமுங்க" என்றார். பிறகு சூட்டில் இளகிய பிளாஸ்டிக் தகட்டை அதன்மேல் போர்த்தி உறையாக்கும் காரியம் நடந்தது. புகையும் பரபரப்பும் மிகுதியாக இருந்தபடியால் நான் வெளியே வந்துவிட்டேன்.

திரும்பி வந்தபோது என் கண்ணில் பட்டது, உத்தரத்திலிருந்து தொங்கிய பித்தளைத் தூக்குக்குண்டு. கொத்தனாராக இருந்த தகப்பனாரின் ஆஸ்தியில் அது ஒன்றுதான் மேஸ்திரிக்கு வந்ததாம். பாதம் பொருத்திய காலை அதன்முன் நிறுத்தி, நூல் பாதத்தில் எங்கே விழுகிறது என்று முன்னிருந்தும் பக்கத்திலிருந்தும் பார்க்கிறார். கொஞ்சம் விலகினாலும் முழங்கால் பின்னுக்கு உதைக்கும், அல்லது முன்னுக்கு மடங்கும். "சுவர் சாஞ்சா என்னைக்கோ விழும், கால் சாஞ்சா ஆள் இன்னைக்கே விழுவான்" என்று சொல்லிக்கொண்டே ஒரு திருகாணியைத் தளர்த்தினார்.

பதினொரு மணிக்கு வாராந்தரக் கூட்டம். டாக்டர் அம்மாள், நர்ஸ், என் நண்பர், தொழில்வழிச் சிகிச்சை செய்யும் இளம்பெண், சமூகப் பணியாளர், மேஸ்திரி, இவர்களோடு ஏழாவதாக நோயாளியும் சமமாக நாற்காலியில் அமர்ந்திருந்தார். ஆரணிப் பக்கத்து நெசவாளி. லாரிச் சக்கரத்தில் இடது காலைக் கொடுத்தவர். "என்ன வேணும் உங்களுக்கு?" என்று டாக்டர் கேட்டார். "தறியில உக்காரணுங்க" என்றார் அவர்.

நர்ஸ் ஒரு பழைய யுத்தத்தைச் சொன்னார். வலிக்கிறதே என்று நெசவாளியின் தாயார் பாசத்தோடு முழங்காலுக்கு அடியில் தலையணை வைப்பாராம்; அப்படியே விட்டால் முழங்கால் மடங்கியவாறே இறுகிவிடும் என்று இவர் அதை எடுப்பாராம். "சிஸ்டர் அன்னைக்குச் சண்டை போடலேன்னா இன்னைக்கு என் வேலையே வீண்" என்றார் மேஸ்திரி. பிறகுதான் தர்க்கம் வந்தது. குழித்தறியில் நாள் முழுவதும் காலை மடக்கி மிதி மிதிப்பவனுக்கு, உறையின் பின்விளிம்பு முழங்காலின் மடிப்பில் குத்தும். அதை ஒரு விரற்கடை இறக்க வேண்டும் என்பது மேஸ்திரியின் கட்சி. இறக்கினால் நடக்கும்போது பிடிமானம் குறையும் என்பது டாக்டரின் கட்சி. கால் மணி நேரம் ஓடியது. கடைசியில் டாக்டர், "எனக்கு இன்னும் சம்மதமில்லை, மேஸ்திரி. ஆனா அவர் வீட்டுக்குப் போய்க் குழியில உக்காந்து பார்த்தது நீங்க. உங்க சொல்படியே செய்வோம். தப்பாப் போனா கையெழுத்து என்னுது" என்று குறிப்பேட்டில் எழுதினார்.

இத்தகைய வைத்தியசாலைகளுக்கு இந்த வட்டாரத்திலேயே ஒரு பூர்விகம் உண்டு. 1954-ல் மோட்டார் விபத்தில் இடுப்புக்குக் கீழே செயலற்றுப்போன டாக்டர் மேரி வர்கீஸ், சக்கர நாற்காலியில் இருந்தபடியே குஷ்டரோகிகளின் கைகளுக்குச் சஸ்திர சிகிச்சை செய்தார். பின்பு நியூயார்க்கில் பயின்று திரும்பி, 1966-ல் வேலூரை அடுத்த பாகாயத்தில் மறுவாழ்வு நிலையம் உருவாக முதற்காரணமாக இருந்தார். ஜெய்ப்பூரிலும் ஒரு கதை இருக்கிறது. வெறுங்காலோடு நடக்கவும் குந்தி உட்காரவும் இடங்கொடுக்கும் ரப்பர் பாதத்தை 1960-களின் இறுதியில் டாக்டர் சேத்தியும், ராம் சந்திர சர்மா என்ற கைவினைஞரும் சேர்ந்தே உருவாக்கினார்கள். 1981-ல் மகசேசே விருது டாக்டருக்கு வந்தது. அவர் தகுதி உடையவர்தான். ஆயினும் உளி பிடித்தவரின் பெயரைக் கேள்விப்பட்டவர் நம்மில் எத்தனை பேர்?

காலை வெட்டிய புண் ஆறுவதற்குள் ஆஸ்பத்திரி வராந்தாவிலேயே வண்ணப் படப்புத்தகத்தோடு வந்து நின்று, சீமைக் கால் என்று சொல்லி நிலத்தை அடகு வைக்கச் செய்து, அதில் தமக்கொரு பங்கை எடுத்துக்கொண்டு மறைந்துபோகும் தரகர்களைப் பற்றி மேஸ்திரி சொன்னபோது எனக்கு இரத்தம் கொதித்தது. அந்தத் தரகுப் பணத்தில் பாதி இந்தப் பட்டறைக்கு வந்தால் இவருக்குப் பின் இந்த வித்தையைக் கற்க ஒரு பையனாவது கிடைப்பான். தினக்கூலிக்கு எவன் வருவான்? முகாம்களையும் நான் விடுவதாக இல்லை. வெட்டுண்ட கால் மாதக்கணக்கில் சுருங்கிக்கொண்டே போகும்; ஒரே நாளில் அளவெடுத்து, மாட்டி, மாலையில் படமும் பிடித்து அனுப்பிவிட்டால், அது தளர்ந்த பிறகு கேட்பார் யார்? அண்டை வீட்டுச் சுவரின் மர்மம் அப்போதுதான் எனக்கு விளங்கியது. அவரைச் சோம்பேறி என்று நினைத்ததற்காக வெட்கப்பட்டேன்.

மாலையில் நெசவாளி இணைக்கம்பிகளுக்கு நடுவே நான்கு முறை நடந்தார். பிறகு பெஞ்சியில் உட்கார்ந்து, மிதிபோல வைத்திருந்த பலகையை மிதித்தார். எல்லார் முகத்திலும் திருப்தி. அவர் மட்டும், "உள்பக்கம் லேசாக் கடிக்குதுங்க" என்றார். மேஸ்திரி தரையில் அமர்ந்து காலை மடியில் கிடத்தி அரத்தை எடுத்தார். டாக்டர் விளக்கைக் கிட்டே பிடித்தார்.

விடைபெறும்போது, அண்டை வீட்டாருடைய காலைக் கொண்டுவந்தால் சரிசெய்து தருவீர்களா என்று மேஸ்திரியிடம் கேட்டேன்.

அரத்தை நிறுத்தாமலே சொன்னார்: "கால் அங்கேயே தொங்கட்டும். ஆளைக் கூட்டிட்டு வாங்க."