சவுலின் பாளையத்தில்

சென்ற ஆண்டு பங்குத் திருவிழாவுக்கென விடுமுறையில் வந்திருந்த ஓர் இராணுவ ஹவில்தார், தேர்பவனி முடிந்த மறுநாள் மாலை நம்மைக் காண வந்தார். "ஸ்தோத்திரம் சாமி" என்று சொல்லிவிட்டு நெடுநேரம் பேசாமல் அமர்ந்திருந்தார். பாவசங்கீர்த்தனத்தில் கேட்டதை எந்தக் குருவும் எழுதமாட்டார். இது கோயில் முற்றத்து வேப்பமரத்தடியில் பேசியது. எழுதுவதற்கு அவருடைய இசைவும் பெற்றுள்ளோம்.

அவர் படையில் சேர்ந்து 13 ஆண்டுகள் ஆகின்றன. இன்னும் இரண்டு ஆண்டுகள் பொறுத்தால் ஓய்வூதியத்துக்குரிய 15 ஆண்டுகள் நிறைவுறும். ஆயினும் விலகிவிட எண்ணுவதாகச் சொன்னார். அவருடைய கம்பெனிக்குப் புதிதாக வந்த அதிகாரி இரவில் காவல்நிலைகளைச் சென்று பார்ப்பதில்லையாம். பார்த்ததாகக் குறிப்பேட்டில் எழுதிவிடுவாராம். சிறு பிழைக்கும் வயதில் மூத்த சுபேதாரை ஜவான்களின் முன்னிலையில் இழிவாகப் பேசுவாராம்.

"சல்யூட் ஆளுக்கு அல்ல, அவருடைய பதவிக்குத்தான் என்று பயிற்சியிலேயே சொல்லிக் கொடுத்தார்கள் சாமி. ஆனால் கையை உயர்த்தும்போதெல்லாம் பொய் சொல்வதுபோல் இருக்கிறது" என்றார்.

நாம் என்ன சொன்னோம்? அதிகாரம் எல்லாம் இறைவனிடமிருந்தே வருகிறது என்று புனித சின்னப்பர் உரோமையருக்கு எழுதியதை நினைவூட்டி, "பொறுமையாய் இருங்கள் தம்பி, கீழ்ப்படிதலுக்குப் பலன் உண்டு" என்றோம். அவர் "சரி சாமி" என்று எழுந்து போய்விட்டார்.

அந்தச் "சரி சாமி" அன்றிரவு நம்மை உறங்கவிடவில்லை. ஏனெனில், பிறருக்கு அவ்வளவு எளிதாகச் சொன்ன அந்தப் புண்ணியத்தில் நாமே தவறியவர்கள்.

குருப்பட்டம் பெற்ற புதிதில், நம்மால் மதிக்க இயலாத ஒரு பங்குத்தந்தையின் கீழ் உதவியாளராக இரண்டு ஆண்டுகள் இருந்தோம். அவருடைய குறைகள் உண்மையானவையே. ஆனால் அவற்றில் ஒன்றையேனும் அவரிடம் நேரில் சொன்னோமா? இல்லை. அவர் முன்னே தலையசைத்துவிட்டு, மாலையில் இளைஞர்களைக் கூட்டிவைத்து அவர் பேசுவதைப் போலப் பேசிக்காட்டிச் சிரிக்க வைத்தோம். பங்கில் பெரிய சாமி கட்சி, சின்ன சாமி கட்சி என இரண்டு உண்டாயின, பாடற்குழு பிளந்தது. நாம் மாற்றலாகிப் போன பிறகும் அந்தப் பிளவு ஆறவில்லை. மன்னிப்புக் கேட்கும் துணிவு நமக்கு வருமுன்னே அவர் இறைவனடி சேர்ந்துவிட்டார்.

நள்ளிரவில் விவிலியத்தைத் திறந்து சாமுவேல் முதல் நூலின் 24ஆம் அதிகாரத்தை வாசித்தோம். தாவீது சவுலின் படைத்தலைவராக இருந்தவர். மன்னனின் பொறாமை தம்மேல் ஈட்டியாகவே பாய்ந்ததைக் கண்டவர். எங்கேதி குகையில் சவுல் தம் கைக்கு எட்டும் தொலைவில் தனித்திருந்தபோது, அவனுடைய மேலாடையின் தொங்கலை மட்டும் அறுத்தார். அதற்கும் மனம் வருந்தினார். தம் ஆட்கள் அவன்மேல் பாயாதபடி தடுத்தார். பின்னர் குகையைவிட்டு வெளியே வந்து, மன்னனை உரத்த குரலில் அழைத்து, அவனுடைய அநீதியை நேருக்கு நேர் எடுத்துரைத்தார். முதுகுக்குப் பின்னால் அடக்கம், முகத்துக்கு முன்னால் உண்மை. நாம் செய்தது இதற்கு நேர்மாறானது.

நம் நாட்டுப் படை வரலாற்றிலும் இதற்குச் சான்று உண்டு. 1962ஆம் ஆண்டில் சீனப் படைகளுக்கு எதிராக வடகிழக்கு எல்லையின் நாம்கா சூ ஆற்றங்கரையில் 7ஆவது பிரிகேடு நிறுத்தப்பட்டது. வீரர்களில் பலருக்குக் குளிருக்கேற்ற உடையில்லை, தோட்டாக்களும் போதவில்லை. அப்பகுதிக்குத் தலைமையேற்க அக்டோபர் மாதத் தொடக்கத்தில் அனுப்பப்பட்டவர் தளபதி பி. எம். கௌல். போர்க்களத்தில் படை நடத்திப் பழகாதவர் என்று படையினர் பலர் அவரைக் கருதினர். பிரிகேடியர் ஜான் டால்வி, அந்த ஆற்றங்கரையில் நின்று போரிடுவது தகாது என்று மேலிடத்தில் எடுத்துரைத்தார். அவர் சொல் ஏறவில்லை. அக்டோபர் 20ஆம் நாள் விடியலில் தாக்குதல் தொடங்கியபோது கௌல் நோயுற்று டெல்லியில் இருந்தார்; டால்வி தம் வீரர்களோடு களத்தில் இருந்தார். 22ஆம் நாள் சிறைப்பட்டு, 1963 மே மாதத்தில்தான் நாடு திரும்பினார். தலைமைமேல் அவருக்கிருந்த மனத்தாங்கலைப் பின்னாளில் வெளிப்படையாகவே நூலாக எழுதினார். ஆனால் ஆபத்து வேளையில் அதைக் காரணம் காட்டி வீரர்களைக் கைவிடவில்லை.

விடிந்ததும் திருப்பலி முடித்து, அந்த ஹவில்தாரின் வீட்டுக்கு நடந்தோம். அவருடைய தாயார் திகைத்துப்போய்க் காப்பி கலக்க ஓடினார்கள். "தம்பி, நேற்று நாம் சொன்னது பாதிதான்" என்று தொடங்கி, நம் பழைய கதையை மறைக்காமல் சொன்னோம். அவர் தலைகுனிந்து, "நானும் அவரைப்போல் நடித்துக்காட்டித்தான் பையன்களைச் சிரிக்கவைக்கிறேன் சாமி" என்றார். சற்றுப் பொறுத்து, "போகாத ரோந்துக்குப் போய்வந்ததாகக் கையெழுத்துப் போடச் சொன்னால்?" என்று கேட்டார்.

அப்போது அதே தாவீதின் வாழ்வில் நடந்த வேறொன்றைச் சொன்னோம். அவரும் அரசரானபின் சவுலைப்போல் ஆனார். உரியாவைக் கொல்லும்படி யோவாபுக்கு மடல் எழுதினார். தன் சாவுக்கான ஆணையை அந்த விசுவாசமுள்ள வீரனே சுமந்து சென்றான். யோவாபு ஏனென்று கேளாமல் நிறைவேற்றினான். அதைக் கீழ்ப்படிதல் என்று நாம் போற்றுவதில்லை. அநீதியான கட்டளைக்குக் கண்மூடிக் கீழ்ப்படிந்தோம் என்பது சாக்காகாது என இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965இல் போதித்தது. 1950ஆம் ஆண்டின் இராணுவச் சட்டமும், கீழ்ப்படியாமையைத் தண்டிக்கும் 41ஆம் பிரிவில், சட்டபூர்வமான கட்டளையைக் குறித்தே பேசுகிறது. அநீதிக்குள்ளான வீரர் மேலிடத்தில் முறையிட 26ஆம் பிரிவு வழிதருகிறது.

"ஆகவே தம்பி, சல்யூட்டை ஒழுங்காகச் செலுத்துங்கள், அது பொய்யல்ல. பையன்கள் முன் நடித்துக்காட்டுவதை விடுங்கள். சொல்லவேண்டியதை அவரிடம் தனிமையில் சொல்லுங்கள். பொய்க்குக் கையொப்பம் மட்டும் இடாதீர்கள்" என்றோம்.

நான்கு மாதங்களுக்குப்பின் தொலைபேசியில் அழைத்தார். ரோந்துக் குறிப்பில் கையொப்பமிட மறுத்துவிட்டாராம். அதிகாரி மாறவில்லை, இவருக்குக் கிடைக்கவேண்டிய விடுமுறைதான் தள்ளிப்போயிற்று. "ஆனால் இரவில் நானே காவல்நிலைகளைச் சுற்றிவருகிறேன் சாமி. பையன்கள் விழித்திருக்கிறார்கள்" என்றார். விலகுவதைப்பற்றி அவரும் பேசவில்லை, நாமும் கேட்கவில்லை.

மறுநாள் காலைத் திருப்பலியை நம் பழைய பங்குத்தந்தையின் ஆன்ம இளைப்பாற்றிக்காக ஒப்புக்கொடுத்தோம். அவரிடம் நேரில் சொல்லத் தவறியதைப் பீடத்திலாவது சொல்லவேண்டும் அல்லவா?