கோலுக்கு என்ன விலை?

தடியெடுத்தவன் தண்டல்காரன் என்று ஒரு பழமொழி உண்டு. எங்கள் வீட்டில் தடியெடுத்தவன் கடன்காரன் ஆகிவிட்டான். அந்தக் கதையைத்தான் சொல்லப் போகிறேன்.

என் அக்கா வாழ்க்கைப்பட்டது காளையார்கோவிலில். கதை எழுதுகிறவனுக்கு உலகத்தில் தெரியாத விஷயமே இல்லை என்று நம்புகிறவர்களில் அவளும் ஒருத்தி. புரட்டாசி மாதக் கடைசியில் ஒருநாள் போன் செய்தாள்.

“நீ உடனே பொறப்பட்டு வா, தம்பி. ஒன் மருமகன் முப்பத்தஞ்சாயிரம் ரூபாய்க்கு ஒரு கம்பு வாங்கிட்டு வந்திருக்கான்.”

“சிலம்பக் கம்பா?” என்று கேட்டேன்.

“சிலம்பமா இருந்தாத்தான் தேவலையே! மேசையில பந்தைத் தள்ளுற கம்பு. கம்புன்னு சொன்னா அவனுக்குக் கோவம் வருது. க்யூவாம். ரேஷன் கடையில நிக்கிறதுதான் எனக்குத் தெரிஞ்ச க்யூ!”

எனக்குச் சிரிப்பு வந்தது. ஆனால் அவள் சிரிக்கவில்லை. அது சீட்டுப் பணம். மாமனார் படுக்கும் அறையில் ஓடுகள் உடைந்து ஒழுகுகின்றன. ஐப்பசி மழைக்குள் மாற்றிவிட வேண்டும் என்று சீட்டை எடுத்து, ஓடு வாங்கி வரச் சொல்லிப் பிள்ளையிடம் கொடுத்திருக்கிறாள். அவன் ஓட்டுக்குப் பதிலாகக் கோலோடு வந்திருக்கிறான். “நீயாச்சும் புத்தி சொல்லு” என்றாள்.

புத்தி சொல்வதற்காக நான் பஸ் ஏறினேன். மதுரையிலிருந்து தொண்டி செல்லும் சாலையில் சிவகங்கையைத் தாண்டிக் கொஞ்ச தூரம் போனால் காளீசுவரர் கோவிலின் இரண்டு கோபுரங்களும் தெரியும். பெரியது மருது சகோதரர்கள் கட்டியது. அந்தக் கோபுரம் கண்ணில் பட்டதும், சொல்ல வேண்டிய உபதேசத்தை மனசுக்குள் ஒருமுறை ஒத்திகை பார்த்துக்கொண்டேன்.

மருமகனுக்கு வயது 24. காரைக்குடியில் வேலை. சாயங்காலம் வேலை முடிந்ததும் அங்கே ஒரு ஸ்நூக்கர் கூடத்துக்குப் போய்விடுகிறான். அவன் கோலை உறையிலிருந்து எடுத்த தினுசைப் பார்த்ததுமே என் ஒத்திகை பாதி மறந்துபோயிற்று. பச்சைக் குழந்தையைத் தூளியிலிருந்து எடுப்பதுபோல் எடுத்தான். இரண்டு துண்டு, திருகிச் சேர்த்தால் ஐந்தடிக்குச் சற்றுக் குறைவு. எடை அரைக் கிலோ. மேல்பாகம் சீமையில் வளரும் ஆஷ் மரம், கைப்பிடி கருங்காலி. நுனியில் பித்தளைப் பூண், அதன்மேல் சுண்டுவிரல் நகத்தளவு தோல். அந்தத் தோலும் பந்தும் தொட்டுக்கொள்ளும் ஒரு கணத்துக்குத்தான் இத்தனை ஏற்பாடும்.

“கூடத்திலேயே கோல் இருக்குமே, அது போதாதா?” என்று கேட்டேன்.

“தினம் ஒரு கோலு கிடைக்கும், மாமா. ஒண்ணு வளைஞ்சிருக்கும், ஒண்ணுல தோல் தேஞ்சிருக்கும். பந்து தப்பிப் போனா, தப்பு என்னுதா கோலுதான்னு தெரியாது. இனிமே தப்பு என்னுதுதான்னு தெரிஞ்சிரும்.”

இதற்கு என்னிடம் பதில் இல்லை. பில்லியர்ட்ஸ் மேசையில் பிறந்த இந்த ஆட்டம் ஒன்றும் நமக்கு அந்நியமானது அல்ல. 1875-ல் ஜபல்பூரில் வெள்ளைக்காரச் சிப்பாய் அதிகாரிகள் தொடங்கியது. 1882-ல் நம் ஊட்டி கிளப்பில்தான் அதற்கு விதிகள் எழுதி மாட்டினார்கள் என்பார்கள். கோலுக்குச் செலவழிக்கும் பைத்தியம் மட்டும் உலகப் பொது. சில ஆயிரத்துக்கும் கோல் உண்டு. லட்சத்தைத் தாண்டியும் உண்டு. அமெரிக்காவில் ‘பூல்’ ஆடுகிறவர்கள், கார்பன் இழையில் செய்த மேல்பாதிக்கு மட்டும் நூற்றுக்கணக்கில் டாலர் கொடுக்கிறார்கள்.

அந்த நாட்டில் பலபுஷ்கா என்று ஒரு கைவினைஞர் இருந்தார். ருஷ்யாவில் பிறந்தவர், 1975-ல் காலமானார். அவர் செய்த கோல்களுக்கு இன்று விலை எட்டாது. 1986-ல் வந்த ‘தி கலர் ஆஃப் மணி’ என்ற சினிமாவில் அவருடைய கோல் ஒன்றும் ஒரு பாத்திரம்போல வருகிறது. ஆனால் படத்தில் நாம் பார்ப்பது அசல் அல்ல. வேறொருவர் அதன் சாயலில் செய்த கோல். அசலுக்கு ஏதாவது ஆகிவிடுமோ என்ற பயம்!

இதற்கு நேர் எதிரானது ஸ்டீபன் ஹெண்ட்ரியின் கதை. ஸ்காட்லாந்துக்காரர். சிறுபிள்ளையாக 40 பவுனுக்கு வாங்கிய கோலை வைத்துக்கொண்டு 1990-க்கும் 1999-க்கும் இடையே ஏழு முறை உலகப் பட்டம் வென்றார். ஒரு சமயம் அது களவு போனபோது, கொண்டுவந்து தருகிறவர்களுக்கு 10,000 பவுன் தருவதாக அறிவித்தார். திரும்பக் கிடைத்த கோல், 2003-ல் விமானப் பயணத்தில் உடைந்துபோயிற்று. புதுக் கோலோடு அதே ஆண்டில் ஒரு பெரிய பந்தயத்தை ஜெயித்தார். எட்டாவது உலகப் பட்டம் மட்டும் கிடைக்கவே இல்லை.

மறுநாள் மருமகனோடு காரைக்குடிக்குப் போய் அவன் ஆடுவதைப் பார்த்தேன். கூடத்து மார்க்கர் சுவரோரம் கிடந்த ஏதோ ஒரு கோலை எடுத்து, துணியால் ஒரு தரம் துடைத்துவிட்டு, என் மருமகனை மூன்று ஆட்டத்திலும் தோற்கடித்தார். பஸ்ஸில் திரும்பும்போது அவன் முகம் சிறுத்திருந்தது. “அவருக்கு இருபத்தஞ்சு வருஷக் கை, மாமா. எனக்கு ரெண்டு வருஷம்” என்றான். கொஞ்ச நேரம் கழித்து, “ஓட்டுப் பணத்தை எடுத்தது தப்புதான்” என்றான். நான் சொல்ல வேண்டிய உபதேசத்தை அவனே முடித்துவிட்டான்.

அடுத்த நாள் ஆயுத பூஜை. பெரியவர், அதாவது அக்காவின் மாமனார், பூஜை அறைப் பரணிலிருந்து ஒரு துணி மூட்டையை இறக்கச் சொன்னார். உள்ளே பிறைச்சந்திரன்போல் வளைந்த ஒரு கட்டை. ஒரு முனை கனம், மறு முனை லேசு. வளரி!

இந்தச் சீமையில் அதற்கு இருந்த மதிப்பை நான் சொல்ல வேண்டியதில்லை. சின்ன மருதுவிடம் ஈட்டி எறியவும் வளரி வீசவும் கற்றுக்கொண்டதாக ஜேம்ஸ் வெல்ஷ் என்ற ஆங்கிலேய அதிகாரி 1830-ல் வெளியிட்ட தம் நினைவுக் குறிப்புகளில் எழுதியிருக்கிறார். 1801-ல் மருது சகோதரர்களை விரட்டிப் பிடித்த படையில் அந்தச் சிஷ்யரும் இருந்தார். அக்டோபர் 24-ம் தேதி திருப்பத்தூரில் அண்ணனும் தம்பியும் தூக்கிலிடப்பட்டார்கள். அவர்களுடைய சமாதி கோவிலுக்கு எதிரே இருக்கிறது. பிறகு கம்பெனியார் பாளையங்களில் ஆயுதங்களுக்குத் தடை போட்டார்கள். 1909-ல் எட்கார் தர்ஸ்டன் பிரசுரித்த நூலில் புதுக்கோட்டை திவானின் குறிப்பு ஒன்று வருகிறது. வளரி எறியத் தெரிந்த நிபுணர்கள் சமஸ்தானத்தில் இல்லை. அது பூஜை அறையில் இருக்கிறது. ஆயுத பூஜையன்று எடுத்துத் துடைத்துவிட்டுத் திரும்ப வைக்கிறார்கள் என்கிறார். தஞ்சாவூர் ஆயுதசாலையிலிருந்து சென்னை மியூசியத்துக்கு வந்த, யானைத் தந்தத்தில் செய்த இரண்டு வளரிகளைப் பற்றியும் தர்ஸ்டன் எழுதுகிறார். தந்தத்தில் வளரி செய்துகொண்டவர் அதைக் காட்டில் முயல்மேல் எறிந்திருப்பாரா?

வளரியைத் துடைத்துக்கொண்டே மருமகன், “இது என்ன விலைய்யா இருக்கும்?” என்று கேட்டான்.

“எறியத் தெரிஞ்சவன் கையில இருந்த வரைக்கும் இது ஆயுதம். இப்ப இது சாமி. சாமிக்கு ஏதுடா விலை?” என்றார் பெரியவர். பிறகு அவனுடைய உறையைப் பார்த்து, “நீ ஒன் கம்பைச் சாமியாக்கிராதே” என்றார். ஒழுகுகிற ஓட்டின்கீழ் படுக்கிறவர் அவர். அதைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை.

எனக்குச் சுருக்கென்றது. காலேஜில் படிக்கும்போது அப்பா பரீட்சைக்குக் கட்டச் சொல்லிக் கொடுத்த பணத்தில் நான் ஒரு சீமைப் பேனா வாங்கினேன். அப்பாவுக்குத் தெரியாமல் தன் வெள்ளிக் கொலுசை விற்றுப் பரீட்சைப் பணம் கட்டியவள் இதே அக்காதான். அந்தப் பேனாவால் நான் எழுதியது மிகக் கொஞ்சம். முள் கெட்டுவிடுமே என்று பெட்டிக்குள் வைத்தேன். இன்றும் பெட்டிக்குள்ளேயே இருக்கிறது. நாவல்களையெல்லாம் பெட்டிக்கடைப் பேனாக்களே எழுதித் தீர்த்தன.

ஊருக்குக் கிளம்புமுன் ஓட்டுக்கான பணத்தை அக்காவிடம் கொடுத்தேன். “ஒன்னைப் புத்தி சொல்லக் கூப்பிட்டா நீ பணம் குடுக்கிறியே” என்றாள்.

“பழைய கடன்” என்றேன்.

அவள் ஒரு நிமிஷம் என்னைப் பார்த்தாள். கொலுசைப் பற்றி அவளும் பேசவில்லை, நானும் பேசவில்லை. பூஜை அறைக்குப் போய், வளரிக்குப் பக்கத்தில் சாத்தியிருந்த கோலை எடுத்து, அதில் தான் வைத்த குங்குமத்தை முந்தானையால் துடைத்தாள். மகனிடம் நீட்டி, “இந்தா, போய் ஆடு. மாசம் ரெண்டாயிரம் மாமாவுக்கு அனுப்பணும்” என்றாள்.

இதுவரை இரண்டு தவணை வந்திருக்கிறது. பேனாவையும் வெளியே எடுத்துவிட்டேன். மை கொஞ்சம் கசிகிறது. இந்தக் கட்டுரையை எழுதியது அதுதான்.