கைக்கு விசில், கார்டு எதற்கு?

ராயபுரத்திலிருந்து எண்ணூர் வரை எந்த மைதானத்தில் கால்பந்து ஆட்டம் நடந்தாலும், பந்து ஒருவர் கையில் பட்டதும் "ஹேண்ட்ஸ்!" என்று ஒரு குரல் எழும். மூச்சு விடுவதற்குள் அடுத்த குரல்: "ரெஃப்ரி, கார்டு குடு!" இந்த இரண்டுக்கும் நடுவே ஒரு கேள்வி இருக்கிறது. விசில் ஊதும் எங்களில் பலரே அதைத் தாண்டிப் போய்விடுகிறோம். கை பட்டது குற்றமா என்பது ஒன்று. அந்தக் கை எதிரணியிடமிருந்து எதைப் பறித்தது என்பது வேறு. மஞ்சள் அட்டை பெரும்பாலும் இரண்டாவதற்கு உரியது என்பதே என் கட்சி.

12-ஆவது விதி அப்படித்தான் சொல்கிறது. வேண்டுமென்றே கையால் தொட்டாலும், ஓட்டத்துக்குத் தேவையில்லாமல் கையை விரித்து உடம்பைப் பெரிதாக்கி அதில் பந்து பட்டாலும் ஃப்ரீ கிக். பெனால்டி பாக்ஸுக்குள் என்றால் பெனால்டி. நடுக்கோட்டருகே, தடுக்கும் அணி மொத்தமும் பின்னால் இறங்கி நிற்கையில் ஒருவர் பந்தைக் கையால் தட்டினால், தெரிந்தே செய்திருந்தாலும் விதி கார்டைக் கட்டாயமாக்கவில்லை. அதே கை, ஆளில்லாத பக்கம் ஓடும் விங்கருக்குப் போகும் பாஸை வெட்டினால், கூடிவரும் தாக்குதலைக் கெடுத்ததற்காக மஞ்சள். அப்போதும் நடுவர் விசில் ஊதாமல் அட்வான்டேஜ் கொடுத்துத் தாக்குதல் தொடர்ந்துவிட்டால், பிறகு அந்தக் கார்டு கிடையாது. பறிபோனது திரும்பிவிட்டது அல்லவா? 2024-ல் வந்த திருத்தமும் இதே வழியில்தான் போகிறது. தெரியாமல் பட்ட கைக்குப் பெனால்டி கொடுத்தால், கெட்டது கூடிவரும் தாக்குதல் என்றால் கார்டே இல்லை. தெளிவான கோல் வாய்ப்பு என்றால் சிவப்புக்குப் பதில் மஞ்சள். தெரிந்தே கோலைத் தடுத்த கைக்குச் சிவப்பு மாறவில்லை. 2010 உலகக்கோப்பைக் காலிறுதியில் உருகுவேயின் சுவாரஸ் கோல் கோட்டில் கையால் தடுத்து வெளியேறினார். கானாவின் கியான் அடித்த பெனால்டி குறுக்குக் கம்பத்தில் பட்டது. உருகுவே டைபிரேக்கரில் வென்றது. பெனால்டி எல்லா இழப்பையும் ஈடுகட்டிவிடாது என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம். சுவாரஸின் கையில் பட்டும் பந்து உள்ளே போயிருந்தால், கோலும் உண்டு, தடுக்க முயன்றதற்கு மஞ்சளும் உண்டு.

தெரிந்தே கை வைப்பவரைச் சும்மா விட்டால் திரும்பத் திரும்பச் செய்வார் என்பார்கள். நியாயமான பயம்தான். தொடர்ந்து தவறு செய்பவருக்கு மஞ்சள் காட்ட விதியில் தனி இடமே இருக்கிறது. கையால் கோல் போட முயல்பவருக்கு என்ன பதில் என்பது இன்னும் கனமான கேள்வி. அவர் கையால் கோல் விழுந்தாலும் விழாவிட்டாலும் மஞ்சள் உண்டு. அங்கே எதிரணி இழந்ததை யாரும் அளப்பதில்லை. 1986-ல் இங்கிலாந்துக்கு எதிராக மாரடோனா கையால் கோல் போட்டதை நடுவர் பார்த்திருந்தால் கோலும் போயிருக்கும், கார்டும் வந்திருக்கும். அது நடுவரையே ஏமாற்றும் செயல் என்பதால் என் வாதத்துக்கு விலக்கு. அந்த விலக்கை மனமார ஏற்கிறேன்.

எங்கள் பக்கத்துக் கட்டாந்தரைகளில் இந்த வேறுபாடு இன்னும் முக்கியம். பந்து எப்படி எம்பும் என்று ஆடுபவருக்கே தெரியாது. கால் சறுக்கியவர் விழாமலிருக்க விரித்த கை, ஓட்டத்தின் பகுதி. பல நேரம் அது ஃபவுலே ஆகாது. ரீப்ளே பார்க்க வழியில்லாத இடத்தில் வீரரின் மனசைப் படிப்பதைவிடக் களத்தைப் படிப்பது நம்பகமானது. கோலுக்கு எவ்வளவு தூரம், பந்து எந்தத் திசையில் போனது, அது யார் காலுக்குச் சேர்ந்திருக்கும், தடுக்க எத்தனை பேர் இருந்தார்கள்: நான்கும் கண்ணுக்குத் தெரிபவை. கூட்டத்தின் சத்தத்துக்குக் காட்டிய முதல் மஞ்சள், அதே பையனின் இரண்டாவது தவறில் சிவப்பாகி ஒரு அணியைப் பத்துப் பேராக்கிவிடும். டோர்னமென்ட் நடத்தும் நண்பர்களே, டாஸ் போடுவதற்கு முன் இரண்டு கேப்டன்களையும் கோச்சுகளையும் நிறுத்தி, கைக்கு எப்போது கார்டு வரும், எப்போது வராது என்பதை நடுவர் சொல்ல ஐந்து நிமிடம் ஒதுக்குங்கள்.