கோமாளியை கிராப் பண்ணிடாதீங்க!

ஏற்காடு கோடை விழா என்றதும் உங்களுக்கு என்ன ஞாபகம் வரும்? அண்ணா பூங்காவில் பூக்களால் செய்த உருவங்கள், நாய்கள் கண்காட்சி, ஏரியில் படகுப் போட்டி, கொழு கொழு குழந்தைகள் போட்டி... மே மாதக் கடைசியில் 20 கொண்டை ஊசி வளைவுகளையும் தாண்டி மேலே வருகிறவர்களிடம் கேட்டால், இதில் இரண்டோ மூன்றோ சொல்வார்கள். இவற்றுக்கெல்லாம் கீழே 'கலை நிகழ்ச்சிகள்' என்று ஒரு வரி இருக்கும். நான் எழுதப்போவது அந்த ஒரு வரியைப் பற்றி.

எனக்கு இந்த மலைதான் சொந்த ஊர். அம்மாயி வீடு தலைச்சோலையில். ஜர்னலிசம் டிப்ளமோ முடித்துவிட்டு சென்னையில் டிஜிட்டல் டெஸ்க்கில் வேலை. ஒவ்வொரு மே மாதமும் அலுவலகத்தில் யாராவது ஒருவர், "உங்க ஊர்ல விழாவாமே... போயிட்டு நாலு ரீல்ஸ் எடுத்துட்டு வந்துடேன்" என்பார். எனக்கும் ஊருக்குப் போன மாதிரி, அவர்களுக்கும் வேலை முடிந்த மாதிரி. கடந்த மே மாதமும் அப்படித்தான் கிளம்பினேன்.

கூட்டம் அதிகமான விழா நாட்களில் மலைப்பாதையை ஒருவழியாக மாற்றிவிடுவார்கள். அடிவாரம் வழியாக ஏறினால் குப்பனூர் வழியாக இறங்க வேண்டும். காலையிலேயே வந்துவிட்டால் தப்பித்தீர்கள். கலைஞர்கள் அப்படித்தான் வருவார்கள். நான் போய்ச் சேர்ந்தபோது, ஒரு வேனிலிருந்து கரகம், பொய்க்கால் குதிரை, மேளம், பெட்டி, படுக்கை எல்லாம் இறங்கிக்கொண்டிருந்தன. அதோடு கொஞ்சம் பழைய பேப்பர் கட்டும் இறங்கியது.

பேப்பர் எதற்கு என்று கேட்டேன். பறைக்காம். கீழே சேலத்து வெயிலில் தோல் தானாகவே விறைத்து நிற்கும். இங்கே சுமார் 1,500 மீட்டர் உயரத்தில் மூடுபனி வந்தால் தோல் ஈரத்தை இழுத்துத் தொய்ந்துவிடும். அடித்தால் 'தொப் தொப்' என்று சத்தம் வரும். அதனால், மேடை ஏறும் முன் தீ மூட்டி, தோலைக் காட்டிக் காட்டிச் சூடேற்ற வேண்டும். மலைக்கு வந்தால் இந்த வேலை இரண்டு மடங்கு.

நான் எந்தப் பத்திரிகை என்று சொன்னதும் மேளக்கார அண்ணன் சிரித்துவிட்டார். "உங்க புத்தகம் வழுவழு தாளுங்க. தீ சரியாப் புடிக்காது. தினசரி பேப்பர்தான் நல்லா எரியும்" என்றார். எங்கள் வாரப் பத்திரிகைக்குக் கிடைத்த வாசகர் கடிதங்களில் இதுதான் எனக்கு மிகவும் பிடித்தது.

20 நிமிஷத்தில் ஒரு ராத்திரி

அந்தக் குழுவில் கோமாளி வேஷம் கட்டுகிறவருக்கு 50 வயதுக்கு மேல் இருக்கும். பேர் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். "குழுப் பேர்ல வந்தாப் போதும் கண்ணு" என்றார். மற்றவர்களும் அப்படியே சொன்னதால் இங்கே யார் பேரும் இல்லை.

சேலம், நாமக்கல், தருமபுரிப் பக்கம் தெருக்கூத்துக்குப் பேர் போன பகுதி. ராத்திரி ஆரம்பித்தால் விடியற்காலையில்தான் முடியும். அதில் ராஜா வருவதற்கு முன்பே கோமாளி வந்துவிடுவார். ஜனங்களை உட்கார வைப்பது, தூங்குகிற ஆளை எழுப்புவது, கர்ணனும் அர்ச்சுனனும் பேசுகிற பழைய பேச்சை இன்றைய பேச்சில் சொல்வது எல்லாம் அவர் பொறுப்பு. நம் அண்ணனும் சின்ன வயதில் கூத்தில்தான் இருந்திருக்கிறார். பிறகு கரகாட்டக் குழுவுக்கு வந்துவிட்டார்.

"கூத்துல ஒரு சிரிப்பை நட்டு வெச்சுட்டு ரெண்டு மணி நேரம் கழிச்சு அறுக்கலாம். இங்க மேடையில எங்களுக்கு 20 நிமிஷம். நட்ட உடனே காய்க்கணும்" என்றார். அவர் அதற்கு ஒரு வழி வைத்திருந்தார். மேடை ஏறும் முன் அரை மணி நேரம் கூட்டத்துக்குள் சும்மா நடந்தார். யார் பெங்களூரு, யார் கேரளா, யார் நாகலூரிலிருந்து வந்த காபித் தோட்டத்து ஜனம் என்று பார்த்துக்கொண்டார். தமிழ் தெரியாதவர்கள் அதிகமாக இருந்ததால், பேச்சைக் குறைத்து உடம்பைக் கூட்டினார். பஜ்ஜிக்கடையில் குரங்கிடமிருந்து மிளகாய் பஜ்ஜியைக் காப்பாற்றும் ஆள், 20-வது வளைவில் வாந்தி வரும் மாப்பிள்ளை, பூக்கள் முன்னால் 40 போட்டோ எடுத்தும் திருப்தி வராத குடும்பம்... எல்லாம் நையாண்டி மேளத்தின் அடிக்கு ஏற்ற ஆட்டமாகவே வந்தது. மொழி தெரியாதவர்களும் சிரித்தார்கள்.

என் பக்கத்தில் அம்மாயி உட்கார்ந்திருந்தார். வாய்விட்டுச் சிரிக்கிற ஆள் இல்லை. "யாரையும் பேர் சொல்லித் திட்டல. ஆனா எல்லாருக்கும் உறைச்சுது பாரு" என்றார். அம்மாயியிடம் அது பெரிய பாராட்டு.

எல்லாச் சிரிப்பும் இப்படி இருந்ததில்லை என்று அண்ணனே பிறகு சொன்னார். முன்பு பல குழுக்களில் குறவன் குறத்தி ஆட்டம் என்று ஒன்று உண்டு. குறவர் சமூகத்தை இழிவுபடுத்துவதாகவும், பல இடங்களில் ஆபாசமாக ஆடப்படுவதாகவும் அந்தச் சமூகத்தினர் நெடுநாளாகச் சொல்லிவந்தார்கள். உயர் நீதிமன்ற மதுரைக் கிளையின் உத்தரவைத் தொடர்ந்து 2023-ல் தமிழக அரசு அதைத் தடை செய்தது. "எனக்குக் கஷ்டமாத்தான் இருந்துச்சு. கைதட்டு வாங்குற ஐட்டம் அது. ஆனா, ஒரு ஜனத்தோட பேரை வேஷமாக் கட்டிக்கிட்டு இன்னொரு ஜனத்தைச் சிரிக்க வைக்கிறது எத்தனை நாளைக்கு? இப்ப மாமன் மச்சான் கேலிதான். அதுல நானே அடிவாங்குறேன். யாருக்கும் நோவு இல்ல" என்றார்.

அவர் ஏன் சுற்றிச் சுற்றி வந்தார்?

அடுத்தது கரகம். ஆடிய அக்காவுக்கு அவர் தாய்மாமன் முறை. பித்தளைச் செம்பில் அரிசியை நிரப்பி, மேலே பூ அலங்காரம் வைத்து, உச்சியில் ஒரு கிளியை நிறுத்தி, அத்தனையையும் கை படாமல் தலையில் தாங்கி ஆட வேண்டும். மேளம் வேகம் எடுக்க எடுக்க உடம்பெல்லாம் அசையும், கழுத்துக்கு மேலே மட்டும் ஒன்றும் அசையாது. அக்கா தரையில் கிடந்த ஊசியைக் குனிந்து கண் இமையால் எடுத்தபோது, பக்கத்தில் ஒரு குட்டிப் பாப்பா மூச்சு விடாமல் பார்த்துக்கொண்டிருந்தது.

கோமாளி அவரைச் சுற்றிச் சுற்றி ஆடிக்கொண்டே இருந்தார். அவர் நடையைக் காப்பியடித்தார், தலையில் ஒரு சொம்பை வைத்துக் கீழே போட்டார், விழுந்தார், எழுந்தார். சிரிப்புக்காகத்தான் என்று நினைத்துக்கொண்டு எடுத்துக்கொண்டிருந்தேன்.

மேடைக்குப் பக்கவாட்டில் ஓர் இளைஞர் போனைத் தாழ்வாகப் பிடித்துக்கொண்டு முன்னால் வந்தார். எதற்கு அந்தக் கோணம் என்று எந்தப் பெண்ணுக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை. கோமாளி அதே தாளத்தில், அதே சிரிப்போடு, ஓர் அடி தள்ளி அவருக்கும் அக்காவுக்கும் நடுவில் போய் நின்றார். இளைஞர் இடதுபுறம் நகர்ந்தார். கோமாளியும் நகர்ந்தார். வலதுபுறம் போனார். அங்கேயும் கோமாளி. மூன்றாவது முறை நேராகப் போனுக்குள் முகத்தை நீட்டி, "நல்லா எடு தம்பி. நாந்தான் பொண்ணோட மாமியார்... சம்பந்தம் பேசறதுன்னா எங்கிட்டதான் பேசணும்!" என்றார். கூட்டம் வெடித்தது. அந்த இளைஞரும் சிரித்துக்கொண்டே போனைச் சட்டைப்பைக்குள் வைத்துவிட்டுப் போய்விட்டார். சண்டை இல்லை, ஆட்டம் ஒரு தாளம்கூட நிற்கவில்லை.

அதன் பிறகு அந்த ஆட்டத்தை வேறு மாதிரி பார்க்க ஆரம்பித்தேன். அவர் விழுவது எல்லாம் கூட்டம் நெருக்குகிற பக்கத்தில். அக்கா குனியும்போதெல்லாம் அவர் முதுகு கூட்டத்தின் பக்கம். கோமாளித்தனம் போலத் தெரிந்ததில் பாதி காவல்.

கீழே இறங்கியதும் கேட்டேன். "ஆமா கண்ணு. ராத்திரி ஊர்த் திருவிழாவுல தண்ணியைப் போட்டுட்டு வருவாங்க. ரூவா நோட்டைக் குத்தறேன்னு கிட்ட வருவாங்க. ஏய்னு கத்துனா ஆட்டம் கலைஞ்சு போயிடும், அடுத்த வருஷம் அந்த ஊர்ல கூப்புட மாட்டாங்க. சிரிக்க வெச்சே தள்ளிவிடணும். எங்கப்பாரு சொல்லிக்குடுத்த பாடத்துல பாதி அதுதான்" என்றார்.

ரீல்ஸ் சட்டம்

இங்கேதான் என் வேலைக்கும் அவர் வேலைக்கும் இடிக்கிறது. ரீல்ஸுக்கு வீடியோ நெட்டுக்குத்தாக இருக்க வேண்டும். 9-க்கு 16. நடுவில் ஒருவர் நிற்கத்தான் அதில் இடம். கரகம் ஆடுகிற அக்காவை நடுவில் வைத்தால், சுற்றி வருகிற கோமாளி தானாகவே வெளியே போய்விடுவார். மேடையில் மூன்று முறை நகர்ந்து அவர் காப்பாற்றிய பெண்ணை, விரலால் ஒரு கிராப் பண்ணித் தனியாக நிற்க வைத்துவிடலாம்.

இணையத்தில் 'கரகாட்டம்' என்று தேடிப் பாருங்கள். முதலில் வந்து நிற்கும் படங்களும் தலைப்புகளும் எப்படி இருக்கின்றன என்று நான் சொல்ல வேண்டாம். கலைஞர் பெயர் இருக்காது, ஊர் இருக்காது, மேளக்காரர் இருக்க மாட்டார். ஓர் உடம்பு மட்டும் இருக்கும். அதில் பல வீடியோக்கள், ஆடியவருக்கே தெரியாமல் போட்டவை.

அக்காவிடம் பேசிக்கொண்டிருந்தபோது அவர் என்னை ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். "நீ போடற வீடியோவுக்கு என்னன்னு பேரு வெப்பே பாப்பா?" அவர் மகள் சேலத்தில் காலேஜ் படிக்கிறாள். போன வருஷம் யாரோ எடுத்துப் போட்ட ஒரு வீடியோ, அந்தத் தலைப்போடு, மகளின் வகுப்பு வாட்ஸ்அப் குரூப்புக்கு வந்திருக்கிறது. மகள் இரண்டு நாள் காலேஜ் போகவில்லை. மூன்றாம் நாள் போனாள். "நான் ஆடித்தான் பீஸ் கட்டறேன்னு அதுக்குத் தெரியும். எம்மேல கோவமில்ல. ஆனா பேரு வெச்சவன் ஆருன்னு கேட்டுச்சு. நான் என்னத்தச் சொல்றது?" என்றார்.

நான் போனை எடுத்து மூன்று தலைப்புகளை டைப் பண்ணிக் காட்டினேன். மூன்றையும் படித்துவிட்டு, குழுவின் பெயரும் 'கரகாட்டம்' என்ற சொல்லும் மட்டும் இருந்ததைத் தொட்டார். "இது நல்லாருக்கு. இதுல வேற ஒண்ணும் இல்ல" என்றார். இரண்டாவது ஆட்டத்தை ஐந்தடி பின்னால் போய் நின்று எடுத்தேன். டெஸ்க்கில், "ஆளு ரொம்பச் சின்னதாத் தெரியுதே, கிட்ட கொண்டு வரலாமே" என்று கேட்டார்கள். கோமாளி என்ன செய்கிறார் என்று விளக்கிச் சொன்னதும், அப்படியே அகலமாகப் போடலாம் என்று ஒப்புக்கொண்டார்கள். எங்கள் பக்கத்தில் அன்றைக்கு அதிகம் ஓடியது ஏரிக்கரைக் குரங்கு வீடியோதான். அதை மறைக்கவில்லை.

இந்தக் கலைகளுக்கு மேடை கிடைக்கவில்லை என்று இப்போது யாரும் சொல்ல முடியாது. 2007-ல் சென்னை சங்கமம் தொடங்கியபோது பூங்காக்களிலும் தெருக்களிலும் கிராமியக் கலைகள் வந்தன. நாட்டுப்புறக் கலைஞர்களுக்கான நலவாரியம் வந்ததும் அதே 2007-ல்தான். இடையில் சில ஆண்டுகள் நின்றுபோன சங்கமம், 2023-ல் திரும்ப வந்து, சேலம் உட்பட இன்னும் 8 நகரங்களுக்கும் போனது. 2025-ல் பறைக் கலைஞர் வேலு ஆசானுக்கும், புரிசை தெருக்கூத்துக் கலைஞர் கண்ணப்ப சம்பந்தனுக்கும் பத்மஸ்ரீ கிடைத்தது. பெருமையாகத்தான் இருக்கிறது.

ஆனால், இவர்கள் வயிறு தை மாதம் முதல் ஆடி வரையிலான சீசனை நம்பி இருக்கிறது. 2020, 2021 இரண்டு ஆண்டுகளும் சரியாக அந்த நேரத்தில் ஊரடங்கு. ஏற்காட்டிலும் கோடை விழா இல்லை. அண்ணன் அப்போது செங்கல் சூளைக்குப் போனார். அக்கா கீரை விற்றார். குழுவில் இருந்த இரண்டு பேர் அப்படியே திருப்பூருக்குப் போனவர்கள், இன்னும் திரும்பவில்லை. அவர்களில் ஒருவர் அடுத்த கோமாளியாக வர வேண்டியவர். அண்ணன் சொல்லிக்கொடுத்த பாடத்தை இப்போது கற்றுக்கொள்ள ஆள் இல்லை.

அண்ணனுக்குப் பிறகு அக்காவுக்கு முன்னால் யார் போய் நிற்பார் என்ற கேள்விக்குப் பத்மஸ்ரீயிலும் பதில் இல்லை, நலவாரியத்திலும் இல்லை. பார்க்கிற நம்மிடம் கொஞ்சம் இருக்கிறது. அடுத்த மே மாதம் நீங்கள் ஏற்காடு வந்தாலும் சரி, உங்கள் ஊர் மாரியம்மன் திருவிழாவில் நின்றாலும் சரி, எடுங்கள், தாராளமாக எடுங்கள். ஐந்தடி பின்னால் நின்று, மேளக்காரரும் கோமாளியும் வருகிற மாதிரி எடுங்கள். போடும் முன் அவர்களிடமே குழுப் பெயரைக் கேட்டுப் போடுங்கள். பக்கத்தில் யாராவது போனைத் தாழ்த்தினால், கோமாளி வரும்வரை காத்திருக்க வேண்டாம்.

அன்று மாலை அவர்கள் வேன் குப்பனூர் வழியாக இறங்கியது. ராத்திரி ஆத்தூர் பக்கம் ஒரு கோயிலில் ஆட்டம். இரண்டு நாள் கழித்து அக்காவிடமிருந்து வாட்ஸ்அப்பில் குரல் பதிவு வந்தது. மகளும் பார்த்தாளாம். பார்த்துவிட்டு, "என்னம்மா, உன்னைவிட மாமா தாத்தா தொப்பிதான் பெருசாத் தெரியுது" என்றாளாம். பின்னால் இரண்டு பேரும் சிரிக்கிற சத்தம் கேட்டது. அவள் அந்த லிங்க்கை வகுப்பு குரூப்பில் போட்டுவிட்டதாக அக்கா சொன்னார்.