குட்டிய கை

பள்ளியிற் பயின்ற நாளில், விடை தவறிய தோழனைத் தலையிற் குட்டுமாறு ஆசிரியர் ஒருவர் பணித்தார், யானும் குட்டினேன். அவன் கண்ணீரை இன்றும் மறந்திலேன்.

1961ஆம் ஆண்டு அமெரிக்காவிலுள்ள யேல் பல்கலைக்கழகத்தில் ஸ்டான்லி மில்கிராம் என்னும் உளநூலார் தொடங்கிய சோதனையைப் பற்றிப் படித்தபோது அக்கண்ணீரே நினைவிற்கு வந்தது. விடை தவறுபவனுக்கு மின்னதிர்ச்சி தருமாறு பணிக்கப்பெற்ற 40 ஆடவருள் 26 பேர் இறுதி அளவாகிய 450 வோல்ட் வரை சென்றனர். உண்மையில் மின்சாரம் பாயவில்லை, துன்புற்றவன் நடித்தவனே. ஆயினும் விசையை அழுத்தினோர் வியர்த்ததும் நடுங்கியதும் மெய்யே.

சிலர் அது நடிப்பென்று ஐயுற்றனராதலின், அவ்வெண்ணிக்கையை முற்றிலும் நம்புதற்கில்லை. அன்றியும், பிறரை ஏமாற்றி, நடுங்குவோரைப் பின்னும் ஏவியது அறமாகுமோ? அறிவின் பொருட்டேயாயினும் ஆகாதென்பதே என் துணிபு.

இடையில் மறுத்து நிறுத்தினோர் 14 பேர். அவருள் ஒருவனாய் யான் இருந்திருப்பேனோ? அன்று குட்ட மறுத்திலேன். ஆதலின், ஆம் என்று சொல்லத் துணிகிலேன்.