கார் நிற்காத நாலு இடம்!

அமெரிக்கா போனால் என்ன பார்ப்பீங்க? சுதந்திர தேவி சிலை, நயாகரா, டிஸ்னிலேண்ட்... லிஸ்ட் ரெடியா இருக்கும். அதுல ஒரு காலேஜ் பார்க்கிங்கையும் சேர்த்துக்குங்க பாஸ். சும்மா சொல்லலை!

ஒஹாயோ மாநிலம். கிளீவ்லண்டிலிருந்து காரில் ஒரு மணி நேரத்துக்குள் கென்ட் வந்துவிடும். சின்ன ஊர்தான். ஆனா, அங்கிருக்கிற கென்ட் ஸ்டேட் யுனிவர்சிட்டி உலகப் பிரசித்தம். உள்ளே பிரென்டிஸ் ஹால் பக்கத்துல இருக்கும் பார்க்கிங்கில் நாலு இடத்தில் மட்டும் எந்தக் காரும் நிற்காது. சுற்றிலும் குட்டி விளக்குத் தூண்கள், தரையில் கிரானைட் கல். ஒவ்வொன்றும் ஒருவர் விழுந்த இடம். ஆலிசன் க்ரௌஸ், ஜெஃப்ரி மில்லர், சான்ட்ரா ஷோயர், வில்லியம் ஷ்ரோடர். ரெண்டு பேருக்கு வயசு 19, ரெண்டு பேருக்கு 20. உங்க கிளாஸ்மேட் வயசு!

இவங்க ஏன் செத்தாங்க? அதுக்கு வியட்நாம் வரைக்கும் போகணும். கம்யூனிஸத்தைத் தடுக்கப் போறோம்னு தெற்கு வியட்நாமில் இறங்கிய அமெரிக்கா, வருஷக்கணக்கில் அங்கே மாட்டிக்கிட்டு இருந்தது. 1969 டிசம்பரில் ராணுவத்துக்கு ஆள் எடுக்கக் குலுக்கல் நடந்தது. சீட்டில் இருந்தது பிறந்த தேதி! உங்க பர்த்டே முதலில் வந்தா, முதலில் கிளம்ப வேண்டியது நீங்கதான். காலேஜில் படிக்கிறவங்களுக்குத் தள்ளிவைப்பு உண்டு. ஆனா, டிகிரி முடிஞ்சா?

1970 ஏப்ரல் 20-ல் 'ஒன்றரை லட்சம் வீரர்களைத் திரும்ப அழைக்கிறேன்' என்றார் அதிபர் நிக்ஸன். பத்தே நாளில், ஏப்ரல் 30-ல் டி.வி-யில் வந்து 'கம்போடியாவுக்குள்ளும் படை போகிறது' என்றார். காலேஜ்கள் கொதித்தன. கென்ட்டில் மே 2 ராத்திரி, நம்ம ஊர் என்.சி.சி. மாதிரியான ஆர்.ஓ.டி.சி-யின் கட்டடம் எரிந்தது. நேஷனல் கார்டு படை கேம்பஸுக்குள் வந்து இறங்கியது.

இனி நடந்தே பார்க்கலாம், வாங்க.

முதலில் 'காமன்ஸ்' என்கிற புல்வெளி. ஓரத்தில் ஒரு மணி தொங்கும். ஃபுட்பால் ஜெயிச்சா அடிக்கிற மணி. மே 4 மதியம் அதை அடித்துத்தான் கூட்டம் கூட்டினார்கள். கலைந்து போகச் சொன்னார்கள், மாணவர்கள் போகலை. கண்ணீர்ப்புகை வீசினால் காற்று அதை அடிச்சுட்டுப் போயிடுச்சு. படை துப்பாக்கியோடு மேடேறியது. அந்த மேட்டுக்குப் பேர் 'பிளாங்கெட் ஹில்'. ஜோடிகள் போர்வை விரித்து உட்காரும் ரொமான்டிக் ஸ்பாட்!

உச்சியில் கான்கிரீட் குடை மாதிரி ஒரு சின்ன மண்டபம். பகோடா என்பார்கள். பகல் 12.24. மேட்டின் அந்தப் பக்கம் இறங்கித் திரும்பி வந்த வீரர்கள், இங்கேதான் சட்டெனத் திரும்பிச் சுட்டார்கள். 28 பேர், 13 விநாடி, 60-க்கு மேற்பட்ட குண்டுகள். பக்கத்துல நிற்கும் இரும்புச் சிற்பத்தில் குண்டு துளைத்த ஓட்டை இன்னும் அப்படியே இருக்கு. அதன் வழியா எட்டிப் பார்க்காத ஆளே இல்லை.

இப்ப பகோடாவிலிருந்து பார்க்கிங்குக்கு இறங்குங்க. நடந்துக்கிட்டே இருப்பீங்க... செத்த நாலு பேரில் பக்கத்தில் இருந்தவரே 250 அடிக்கு மேல் தள்ளி நின்றார். கடைசி ஆள் 390 அடி! அவ்வளவு தூரத்திலிருந்து யாருக்கு என்ன ஆபத்து? இந்தக் கேள்வியைப் புத்தகத்தில் படிப்பது வேறு, கால் வலிக்க நடந்து கேட்பது வேறு. சான்ட்ராவும் வில்லியமும் போராட்டத்துக்கே வரலை. வில்லியம் ஆர்.ஓ.டி.சி. மாணவர் வேற! இன்னும் ஒன்பது பேர் காயம் பட்டார்கள். அதில் ஒருத்தர் அதன்பின் நடக்கவே இல்லை.

சுட்டவர்களும் இளவட்டங்கள்தான் என்பது இன்னொரு கொடுமை. வியட்நாமுக்குப் போகாமல் தப்பிக்க அந்தக் காலத்தில் பலர் சேர்ந்த இடமே நேஷனல் கார்டுதான்.

சூடு முடிந்ததும் கொந்தளித்த மாணவர்கள் படையை எதிர்த்து உட்கார்ந்தார்கள். அடுத்த ரவுண்டு சுடுவார்களோ என்ற நிலை. அப்போது கிளென் ஃப்ராங்க் என்கிற ஜியாலஜி பேராசிரியர் குரல் உடைய, கெஞ்சிக் கதறிப் பிள்ளைகளைக் கலைய வைத்தார். அந்தப் புல்வெளியில் நின்னா, ஒரு வாத்தியார் எத்தனை உயிரைக் காப்பாத்த முடியும்னு புரியும்.

நாடே மாணவர் பக்கம் நின்றிருக்கும்னு நினைக்கிறீங்களா? கேலப் கருத்துக்கணிப்பில் 58 சதவிகிதம் பேர் மாணவர்கள் மேல்தான் பழி போட்டார்கள். படையைக் குறை சொன்னவர்கள் 11 சதவிகிதம்தான்! வீட்டுக்குள்ளேயே அப்பா ஒரு கட்சி, பிள்ளை ஒரு கட்சி. வழக்கில் வீரர்கள் எட்டுப் பேரும் 1974-ல் விடுதலை. 1979-ல் 6,75,000 டாலர் நஷ்டஈடும் ஒரு வருத்தக் கடிதமும் வந்தது, அவ்வளவுதான்.

ஏப்ரலில் போனால் மேட்டுச் சரிவெல்லாம் மஞ்சள் டாஃபடில் பூக்கள். 58,175 செடிகள் நட்டார்களாம். போரில் செத்த அமெரிக்கர் ஒவ்வொருவருக்கும் ஒன்று. அழகுதான். ஆனா, வியட்நாம் அரசு 1995-ல் சொன்ன கணக்குப்படி அந்த மண்ணில் செத்தவர்கள் 30 லட்சத்துக்கும் மேல். அவங்களுக்கும் ஆளுக்கு ஒரு பூ நட்டால், ஒரு மேடு எங்கே போதும்?

டெய்லர் ஹாலில் மியூசியம் இருக்கு, டிக்கெட் கிடையாது. முடிஞ்சா மே 3 ராத்திரி போங்க. மெழுகுவத்தியோடு கேம்பஸைச் சுற்றி வந்துட்டு, அந்த நாலு இடத்திலும் ஆள் மாத்தி ஆள் விடிய விடிய நிற்பாங்க. மறுநாள் பகல் 12.24 வரைக்கும். நீங்களும் கொஞ்ச நேரம் நின்னுட்டு வாங்க!