சிவெக் ஆற்றங்கரைப் பட்டறைகள்

சோஃபியாவில் குடியிருக்கும் நண்பர் ஒருவர்தான் என்னை எதருக்கு அனுப்பிவைத்தார். “கண்ணாடிப் பெட்டிக்குள் பழம்பொருள் பார்க்கிற இடமில்லை அது. ஆறே அங்கே கூலிக்காரன் மாதிரி உழைக்கும், போய்ப் பாருங்கள்” என்றார்.

பல்கேரியாவின் நடுப்பகுதியில், பால்கன் மலையின் வடக்கு அடிவாரத்தில் இருக்கிறது கப்ரோவோ நகரம். அங்கிருந்து எட்டு கிலோமீட்டர் போனால் சிவெக் சிற்றாறு. அதன் கரையில் 1964-ல் திறக்கப்பட்ட திறந்தவெளி அருங்காட்சியகம்தான் எதர். லாசர் டொன்கோவ் என்ற கப்ரோவோக்காரர் இதை உருவாக்கினார். கைத்தொழில்களின் இடத்தை ஆலைகள் பிடித்துக்கொண்ட காலம் அது. பழைய கருவிகளைச் சேகரித்து அடுக்கிவைத்தால் போதாது, அவை ஓட வேண்டும் என்பதில் அவர் உறுதியாக இருந்தார். அதனால்தான் இன்றும் மாவு அரைப்பது, மரம் அறுப்பது, மரம் கடைவது, கத்திக்குச் சாணை பிடிப்பது எல்லாம் இங்கே தண்ணீரின் விசையில் நடக்கின்றன.

தெருவின் இருபுறமும் மர மாடி வைத்த வீடுகள், கீழ்த்தளத்தில் பட்டறைகள். குயவர், தோல் தைப்பவர், மரம் செதுக்குபவர் என்று வரிசையாக உட்கார்ந்திருக்கிறார்கள். என்னை நெடுநேரம் நிறுத்திவைத்தது கம்பளி அலசும் தொட்டி. தரைக்குள் பதித்த கூம்பு வடிவ மரத்தொட்டி அது. பலகைகளுக்கு நடுவே இடைவெளி விட்டிருக்கிறார்கள். மேலிருந்து மரக்கால்வாய் வழியே பாய்ந்து வரும் தண்ணீர் சாய்வாக விழுந்து சுழல்கிறது, இடைவெளிகளில் வடிந்து மறுபடி ஆற்றில் சேர்கிறது. நான் போனபோது கனமான கம்பளி விரிப்பு ஒன்று உள்ளே சுற்றிக்கொண்டிருந்தது. மூழ்கும், பக்கவாட்டில் எழும், மறுபடி மூழ்கும். புதிதாக நெய்த விரிப்பை இப்படி மணிக்கணக்கில் சுழலவிட்டால் நூல் உப்பி, மயிர் எழும்பி, பஞ்சுபோல ஆகிவிடும். பக்கத்துக் கொட்டகையில் மரச் சம்மட்டிகள் துணியை மாறி மாறி இடித்து, காற்றும் மழையும் புகாதபடி இறுக்குகின்றன. ஆடு மேய்ப்பவர்களின் மேலங்கிக்கு அந்தத் துணிதான்.

தொட்டியில் சுற்றிய விரிப்பு காட்சிக்காகப் போட்டதல்ல. அக்கம்பக்கத்துக் குடும்பம் ஒன்று தங்கள் வீட்டு விரிப்பை அலசக் கொடுத்திருந்தது. இந்த அருங்காட்சியகத்தின் உயிர் அந்த விரிப்பில்தான் இருக்கிறது என்று எனக்குப் பட்டது.

இந்தத் தண்ணீர்தான் கப்ரோவோவுக்குச் சோறு போட்டது. 19-ஆம் நூற்றாண்டில் உடைகளின் ஓரத்தில் வைத்துத் தைக்கும் கம்பளிப் பின்னல் கயிறு இங்கே தண்ணீர் விசையில் தயாராகி, ஒட்டோமான் பேரரசின் சந்தைகளுக்குப் போனது. கைவினைஞர்களும் வணிகர்களும் நிறைந்த இந்த ஊரில்தான் 1835-ல் பல்கேரியாவின் முதல் நவீன மதச்சார்பற்ற பள்ளி தொடங்கியது. 1878-ல் ஒட்டோமான் ஆட்சியிலிருந்து விடுபட்ட பிறகு பழைய சந்தை கைநழுவியது. ஐரோப்பிய உடை வந்ததும் பின்னல் கயிறு வைத்துத் தைப்பவர்கள் குறைந்தார்கள். 1882-ல் இவான் கல்பசானோவ் இங்கே கம்பளி ஆலை தொடங்கினார். ஊர் ஆலை நகரமாகித் தப்பியது. பின்னல்காரர்கள் தொழிலை விட்டார்கள்.

எதரின் மணி செய்யும் பட்டறையில் ஐம்பது வயதைத் தாண்டிய ஒருவர். ஆடுமாடுகளின் கழுத்தில் கட்டும் இரும்புத் தகட்டு மணிகள் செய்கிறார். தகட்டை வெட்டி, அடித்து வளைத்து, ஓரங்களை ஆணியடித்துச் சேர்க்கிறார். பித்தளைத் துண்டுகளோடு களிமண்ணில் பொதிந்து உலையில் வைத்தால் பித்தளை உருகி இரும்பின்மேல் படியும். அதற்கப்புறம்தான் நுணுக்கமான வேலை. மணியைக் காதருகே பிடித்து ஆட்டுகிறார், வாயோரத்தில் சுத்தியலால் லேசாக ஒரு தட்டு, மறுபடி ஆட்டிக் கேட்கிறார். ஒரு மந்தையின் மணிகள் ஒன்றோடொன்று சுருதி சேர வேண்டும் என்பது மேய்ப்பர்களின் கணக்கு. தந்தையிடம் கற்ற தொழில் என்றார். 1990-க்குப் பிறகு கூட்டுப்பண்ணைகள் கலைந்து மந்தைகள் சுருங்கியபோது கையில் வேலை இல்லாமல் கட்டட வேலைக்குப் போனாராம். அவரை மீண்டும் பட்டறைக்கு இழுத்து வந்தது திருவிழா. குளிர்காலத்தில் ஆட்டுத்தோலும் முகமூடியும் அணிந்து, இடுப்பு நிறைய மணி கட்டி, தீயதை விரட்ட ஆடும் குக்கெரி ஆட்டக்காரர்கள் இப்போது அவரைத் தேடி வருகிறார்கள். பெர்னிக் பகுதியில் அப்படி ஆடும் சுரோவா விழாவை யுனெஸ்கோ 2015-ல் தன் பட்டியலில் சேர்த்தது.

பட்டியல் வந்தால் வியாபாரியும் வருவான். கருங்கடல் கரைச் சுற்றுலாக் கடை ஒன்றில், அச்சில் அழுத்திய மெல்லிய தகட்டு மணிகளைக் கைவினை என்று விற்றதை நானே பார்த்தேன். தட்டினால் நாதமில்லை. அதே கடையில் நிஜமான மணி ஒன்றும் தொங்கியது. பட்டறையில் சொன்னதைப் போலப் பல மடங்கு விலை. உலைச் சூட்டில் நின்றவனுக்குக் கிடைப்பது சொற்பம், சுவரில் ஆணி அடித்து மாட்டியவனுக்கு லாபம். போலியை விற்பவன் வாங்குபவரை ஒருமுறைதான் ஏமாற்றுகிறான். செய்பவரின் வயிற்றில் தினமும் அடிக்கிறான். அருங்காட்சியகம் கூரை தரலாம், யுனெஸ்கோ பெயர் தரலாம். ஆனால் பட்டறையில் பிள்ளைகள் வந்து உட்கார வேண்டுமென்றால் அந்த வேலை குடும்பம் நடத்தக் கூலி தந்தாக வேண்டும்.

எதருக்குப் போகிறவர்களிடம் எனக்கு ஒரு வேண்டுகோள் உண்டு. நினைவுப்பொருளை நகரத்துக் கடையில் தேடாதீர்கள், பட்டறையிலேயே வாங்குங்கள். செய்தவர் யார் என்று கேளுங்கள், அவர் சொல்லும் விலையில் பேரம் பேசாதீர்கள்.